ஹெர்மன் பால்க்கும் நகரும் தற்காப்பும்: ஓர் எளிய அறிமுகம்

போர் வரலாறு படிக்கத் தொடங்குபவர்களுக்கு டாங்கி என்றதுமே தாக்குதல்தான் நினைவுக்கு வரும். 1940-இல் ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது, 1941-இல் ஜெர்மன் படைகள் மாஸ்கோவின் வாசல் வரை போனது என்று வரைபடங்களில் நீளநீளமான அம்புக்குறிகளைப் பார்த்துப் பழகியிருப்போம். ஆனால் 1942-இன் இறுதியிலிருந்து போர் முடியும் வரை, ஜெர்மன் டாங்கிகளின் முக்கிய வேலை வரும் எதிரியைத் தடுத்து நிறுத்துவதுதான். அந்த வேலையைச் செய்யும் ஒரு முறைக்குத்தான் நகரும் தற்காப்பு என்று பெயர்.

அதை விதிகளாகப் படித்தால் மனதில் நிற்காது. ஓர் ஆளின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் எளிதில் புரியும். அதற்கு இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் தளபதி ஹெர்மன் பால்க்கைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. ரோமல், குடேரியன் போன்ற ஜெர்மன் டாங்கித் தளபதிகள் அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை. ஆனால் குறைந்த படையை வைத்துக்கொண்டு பெரிய படையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கும் ராணுவக் கல்லூரிகளில் இவர் பெயர் இன்றும் வரும்.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். தற்காப்பில் நிற்பவனுக்கு எப்போதும் ஒரே தலைவலி: காக்க வேண்டிய எல்லை நீளம், கையில் உள்ள ஆள் குறைவு. எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது என்பதை எதிரிதான் முடிவு செய்கிறான். படையை வரிசையாகப் பரப்பி நிறுத்தினால் எல்லா இடத்திலும் மெலிந்துபோகும். ஏதோ ஓரிடத்தில் எதிரி கூட்டமாக வந்து மோதும்போது அங்கே தடுக்க ஆள் போதாது, மற்ற இடங்களில் நிற்பவர்களோ சும்மா இருப்பார்கள்.

மழைக்காலத்தில் ஏரிக்கரையைக் காக்கும் ஊர்க்காரர்கள் இதே சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பாருங்கள். கரை நெடுக மண்மூட்டை அடுக்க அவர்களால் முடியாது. அங்கங்கே சிலரை நிறுத்தி நீரைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, மூட்டைகளோடு ஒரு கூட்டத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். கசிவு தெரிந்த இடத்துக்கு மொத்தக் கூட்டமும் ஓடும். நகரும் தற்காப்பின் பாதி இதுதான். மீதிப் பாதி, உடைப்பை அடைப்பதோடு நிற்காமல் உள்ளே புகுந்த எதிரியைத் திரும்பிப் போக விடாமல் அழிப்பது. அடைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் தள்ளிவிடப்பட்ட எதிரி நாளை மறுபடியும் வருவான். அழிக்கப்பட்ட எதிரி வர மாட்டான்.

அப்படி ஓடிப்போய் அடிக்கும் கூட்டமாக இருக்க ஒரு பான்சர் டிவிஷனால் முடிந்தது. பான்சர் என்பது கவசப் படையைக் குறிக்கும் ஜெர்மன் சொல். பான்சர் டிவிஷன் என்றால் டாங்கிகள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். டாங்கி ரெஜிமென்ட் ஒன்று, வாகனங்களில் செல்லும் காலாட்படை ரெஜிமென்ட்கள் இரண்டு, பீரங்கிப் படை, பாலம் போடும் பொறியாளர்கள், விமான எதிர்ப்புப் பீரங்கிகள், இவை எல்லாவற்றையும் இணைக்கும் வானொலிப் பிரிவு என்று எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் படை அது. டாங்கியால் இடத்தைப் பிடிக்க முடியும், ஆனால் இரவெல்லாம் காவல் காத்து வைத்திருக்க முடியாது. அதற்குக் காலாட்படை வேண்டும். காலாட்படை திறந்த வெளியில் தனியாக நின்றால் டாங்கி மிதித்துவிடும். ஒன்றுக்கு ஒன்று துணை.

பால்க்கின் பயிற்சிக் காலம்

பால்க் 1893 டிசம்பரில், அன்று ஜெர்மனியில் இருந்த டான்சிக் நகரின் ஒரு பகுதியில் பிறந்தார். இப்போது அது போலந்தின் கடான்ஸ்க். அப்பா வில்லியம் பால்க்கும் ராணுவ ஜெனரல்தான். போர்த் தந்திரம் பற்றிப் புத்தகம் எழுதியவர். மகன் 1913-இல் கோஸ்லார் நகரின் ஒரு காலாட்படைப் பட்டாலியனில் சேர்ந்தார். குடேரியனும் அதே பட்டாலியனைச் சேர்ந்தவர் என்பது பிற்பாடு இவருக்கு உதவியது.

முதல் உலகப் போரில் ஏழு முறை காயம் பட்டார். போருக்குப் பிறகு, மேலே போக நினைக்கும் எந்த ஜெர்மன் அதிகாரியும் ஏங்கும் பொதுப் பணிமனைப் பதவி, அதாவது போர்த் திட்டங்களை வகுக்கும் தலைமை அலுவலகப் பதவி, இரண்டு முறை இவரைத் தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். காகிதங்களோடு உட்காருவதைவிட வீரர்களோடு இருக்கவே பிடிக்கும் என்பது இவர் குணம். இவருடைய பிற்காலப் போர் முறைகளை நினைக்கும்போது இந்த மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1940 மே 13. பிரான்ஸின் செடான் நகரருகே மியூஸ் ஆறு. 1-ஆம் பான்சர் டிவிஷனின் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றுக்கு பால்க் தளபதி. விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு போட்ட பிறகு, இவருடைய ஆட்கள் ரப்பர் படகுகளில் ஆற்றைக் கடந்தார்கள். டாங்கிகள் இக்கரையில் நின்றன. புகழ்பெற்ற அந்த டாங்கிப் பாய்ச்சலுக்குக் கதவைத் திறந்துவிட்டது துடுப்புப் போட்ட காலாட்படை. பின்னாலேயே படகில் வந்து இறங்கிய மேல் தளபதி குடேரியனிடம், “மியூஸ் ஆற்றில் உல்லாசப் படகு சவாரி தடை செய்யப்பட்டிருக்கிறது” என்று பால்க் சொன்னாராம். ஒத்திகையின்போது இளம் அதிகாரிகள் விளையாட்டுத்தனமாக இருந்ததைப் பார்த்து குடேரியனே சொன்ன வார்த்தை அது. குடேரியனே தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்.

அன்று மாலை ஆற்றங்கரையைப் பிடித்தாயிற்று. ஆட்கள் களைத்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தங்கியிருப்பார்கள். பால்க் இரவோடு இரவாகத் தெற்கே இருந்த மேட்டு நிலம் வரை முன்னேறச் சொன்னார். 1918-இல் கெம்மல் மலையில் வெற்றி பெற்ற ஜெர்மன் படைகள் அத்தோடு நின்றுவிட்டதால் வாய்ப்பை இழந்ததை இவர் நேரில் பார்த்தவர். இன்று சுலபமாகக் கிடைப்பதற்கு நாளை நிறைய ரத்தம் சிந்த வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு.

இரண்டு நாள் கழித்து பூவெல்மோன் என்ற கிராமம். ஆட்களுக்கு மே 9-க்குப் பிறகு சரியான தூக்கமில்லை, தோட்டாவும் தீர்ந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் ஓய்வு கேட்டார்கள். அப்படியானால் நான் தனியாகவே போய் அந்த ஊரைப் பிடிக்கிறேன் என்று சொல்லி பால்க் நடக்க ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து பின்னால் வந்தார்கள். புழுதி படிந்த முகமும் சிவந்த கண்களுமாக அவர் நின்றதை குடேரியன் பதிவு செய்திருக்கிறார்.

செடானில் இவர் கற்ற இன்னொரு பாடம் நம் விஷயத்துக்கு மிக அவசியம். அப்போது டாங்கிகளும் காலாட்படையும் தனித்தனிப் பிரிவுகளாகவே சண்டை போட்டன. டாங்கி ஒரு பக்கம், காலாட்படை இன்னொரு பக்கம். தேவைக்கு ஏற்ப இரண்டையும் கலந்து, ஒரே தளபதியின் கீழ் தற்காலிகக் குழுவாக அனுப்ப வேண்டும் என்று பால்க் வற்புறுத்தினார். இன்று பல ராணுவங்கள் அப்படித்தான் செய்கின்றன. அன்று அது புதிது.

1941 ஏப்ரலில் கிரீஸில் டாங்கி ரெஜிமென்ட் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். மலையும் கணவாயுமான அந்த நாட்டில் டாங்கிக்கு என்ன வேலை என்று தோன்றும். பிளாட்டமோனில் நியூசிலாந்துப் படை வழியை மறித்தபோது, நேரே மோதிப் பார்த்துவிட்டு, காலாட்படையை மலை வழியே சுற்றி அனுப்பிப் பக்கவாட்டில் தாக்க வைத்தார். அப்புறம் 1942 மே மாதம் 11-ஆம் பான்சர் டிவிஷனின் தளபதியானார்.

சிர் ஆறு

1942 நவம்பர் 23-ஆம் தேதி ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் 6-ஆம் படை முழுவதுமாகச் சுற்றி வளைக்கப்பட்டது. அதை மீட்க வேண்டும் என்றால், வளையத்துக்கு வெளியே எஞ்சியிருந்த எல்லை உடையாமல் இருக்க வேண்டும். அந்த எல்லையின் ஒரு பகுதி சிர் ஆறு. டான் ஆற்றில் வந்து கலக்கும் சிறிய ஆறு அது. சுற்றிலும் மரமில்லாத புல்வெளி, நடுநடுவே மண் அரித்த ஆழமான ஓடைப்பள்ளங்கள். ஆற்றின் இக்கரையில் 336-ஆம் காலாட்படை டிவிஷனும், தரைப்போரில் அனுபவமே இல்லாத விமானப்படை ஆட்களைக் கொண்டு அமைத்த ஒரு டிவிஷனும் நின்றன. அக்கரையில் சோவியத் 5-ஆம் டாங்கிப் படை. உதவிக்கு ரொஸ்தோவ் வழியாக வந்துகொண்டிருந்தது பால்க்கின் டிவிஷன்.

பால்க் முன்னால் வந்து சேர்ந்த டிசம்பர் 7-ஆம் தேதியே எல்லை உடைந்தது. சோவியத் டாங்கிகள் 336-ஆம் டிவிஷனின் இடப்பக்கமாகப் புகுந்து, சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே வந்து, அரசுப் பண்ணை 79 என்ற சோவியத் பண்ணையில் இரவு தங்கின. பால்க்கின் டிவிஷன் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மேலிடத்திலிருந்து வந்த யோசனை என்னவென்றால், நேரே மோதி அவர்களை வந்த வழியே தள்ளிவிட வேண்டும், காலாட்படை டிவிஷனின் பக்கம் பத்திரமாகிவிடும்.

பால்க் மறுத்துவிட்டார். அந்த நிலப்பரப்பு டாங்கிக்கு ஒத்துவராது என்பது ஒரு காரணம். அப்படி மோதினால் எதிரி பின்வாங்குவானே தவிர அழிய மாட்டான் என்பது முக்கியமான காரணம். அவர் செய்தது இது: பண்ணைக்குத் தெற்கே பொறியாளர் பட்டாலியனையும் 88 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் நிறுத்தினார். எதிரி மேலும் முன்னேறாமல் தடுப்பதே அவர்கள் வேலை. தென்மேற்கிலிருந்து ஒரு காலாட்படை ரெஜிமென்ட் முன்புறமாக எதிரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தன் டாங்கிகள் அத்தனையையும் இன்னொரு காலாட்படை ரெஜிமென்ட்டோடு சேர்த்து, இருட்டில் பண்ணையைச் சுற்றி வடக்கே கொண்டுபோனார். அதாவது, எதிரி வந்த வழிக்கே.

டிசம்பர் 8 விடிந்தது. சோவியத் டாங்கிகள் தெற்கே புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் லாரிகளில் காலாட்படை வரிசையாக வந்துகொண்டிருந்தது. வடக்கு மேட்டிலிருந்து ஜெர்மன் டாங்கிகள் முதலில் பாய்ந்தது அந்த லாரி வரிசைமேல்தான். அதை நாசமாக்கிவிட்டு, அதே வேகத்தில் திரும்பிப் பண்ணையின் முதுகில் அடித்தன. அன்று மாலைக்குள் 53 சோவியத் டாங்கிகள் அழிந்தன என்பது ஜெர்மன் தரப்புக் கணக்கு.

இங்கே சற்று நின்று யோசித்துப் பாருங்கள். 15 கிலோமீட்டர் ஊடுருவல் என்பது மேலிடத்தைப் பதற வைக்கும் செய்தி. பால்க் அதில் வேறொன்றைப் பார்த்தார். எதிரி எவ்வளவு ஆழமாக வருகிறானோ அவ்வளவுக்கு அவன் பக்கமும் முதுகும் திறந்து கிடக்கும். நகரும் தற்காப்பைக் கற்பவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் இதே கதை. பகலில் ஓரிடத்தில் எதிரி புகுவான், அதை முடித்து மாலையில் மூச்சு விடும்போது இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் உடைப்பு என்று செய்தி வரும். டிவிஷன் மொத்தமும் திரும்பி, வண்டிகளின் முகப்பு விளக்குகளை எரியவிட்டுக்கொண்டே இரவெல்லாம் ஓடும். விடியும்போது எதிரியின் பலவீனமான பக்கத்தில் நிற்கும். டிசம்பர் 11-ஆம் தேதி மாலை லிசின்ஸ்கியிலும் நிஷ்னா கலினோவ்ஸ்கியிலும் ஒரே நேரத்தில் இரண்டு உடைப்பு. இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல். படையை இரண்டாகப் பிரிக்கத்தான் யாருக்கும் கை போகும். பால்க் பிரிக்கவில்லை. மொத்தப் படையோடு விடிகாலையில் முதல் இடத்தை முடித்துவிட்டு, பிற்பகலில் அடுத்த இடத்துக்குப் போனார்.

டிசம்பர் 19-ஆம் தேதி அதிகாலையில் நடந்தது இன்னும் வியப்பானது. அன்று டாங்கி ரெஜிமென்ட்டில் ஓடும் நிலையில் இருந்தவை 25 டாங்கிகளே. நிஷ்னா கலினோவ்ஸ்கி அருகே தெற்கே போய்க்கொண்டிருந்த 42 சோவியத் டாங்கிகளின் வரிசைக்குப் பின்னால் இவை போய்ச் சேர்ந்துகொண்டன. முன்னால் போனவர்கள், பின்னால் வருவது தங்களுடைய அடுத்த அணி என்று நினைத்துவிட்டார்கள். சில நிமிடங்களில் 42-ம் எரிந்தன. அடுத்து வந்த அலையையும் பள்ளத்தில் வைத்துப் பிடித்து, மொத்தம் 65 டாங்கிகளை ஒரு இழப்பும் இல்லாமல் அழித்ததாக ஜெர்மன் பதிவுகள் சொல்கின்றன. போர்க்களக் கணக்குகளில் தன் பக்கம் சாய்வது எல்லாப் படைக்கும் வழக்கம், அதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் சிர் ஆற்று எல்லை உடையவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இது எப்படிச் சாத்தியமானது?

தளபதியின் திறமை என்று சொல்லிவிட்டுப் போனால் புதிதாகப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. சில நிபந்தனைகள் கூடி வந்ததால்தான் இது நடந்தது.

பால்க் எழுத்தில் உத்தரவு போடமாட்டார். எல்லாம் வாய்மொழிதான். ஒரு டிவிஷனுக்கு எழுத்து உத்தரவு தயாரித்து, தட்டச்சு செய்து, கீழே அனுப்பிப் படித்து முடிப்பதற்குள் இரவு போய்விடும். அவருடைய பணிமனைத் தலைவர் கீனிட்ஸ் ஒரே இடத்தில் வரைபடத்தோடும் தொலைபேசியோடும் உட்கார்ந்து மேலிடத்தைப் பார்த்துக்கொள்வார். பால்க் வண்டியில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டாகச் சுற்றிக்கொண்டிருப்பார். மாலையில் நிலவரத்தைக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பார், ரெஜிமென்ட் தளபதிகளிடம் நேரிலோ வானொலியிலோ சொல்வார், பிறகு மறுபடி கிளம்பிப் போய்ப் படைகள் சரியான இடத்தில் சேர்ந்தனவா என்று பார்ப்பார். இப்படி நடக்க வேண்டும் என்றால் கீழே இருப்பவர்கள் அரைகுறை வாக்கியத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பல மாதங்கள் ஒன்றாகப் போரிட்ட டிவிஷனில் அது முடிந்தது. புதிதாகச் சேர்த்த படையில் முடியாது.

அடுத்தது இரவு. இரவுப் பயணம் ரத்தத்தை மிச்சப்படுத்தும் என்பது பால்க்கின் கொள்கை. ஆட்கள் எப்போது தூங்குவார்கள் என்று கேட்டால், தூக்கம் போவது உயிர் போவதைவிட மேல் என்பதே பதில்.

மூன்றாவதை, கவசப் படை பற்றிப் பேசும் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஓடி அடிக்க ஒருவன் வேண்டும் என்றால், நின்று தாங்க ஒருவன் வேண்டும். ஜெனரல் லூக்ட் தலைமையிலான 336-ஆம் காலாட்படை டிவிஷன் அதைச் செய்தது. அதைக் கேடயம் என்றும் பால்க்கின் டிவிஷனை வாள் என்றும், இரண்டு டிவிஷன்களுக்கும் மேலே இருந்த 48-ஆம் பான்சர் படைப்பிரிவின் பணிமனைத் தலைவராக இருந்த மெல்லன்தின் பிற்பாடு எழுதினார். எதிரி டாங்கிகள் தங்களைத் தாண்டிப் போனபோதும் அந்தக் காலாட்படையினர் பதுங்குகுழியை விட்டு ஓடவில்லை. எங்களுக்கும் நாலு டாங்கி கொடுங்கள் என்று கேட்டுப் பால்க்கின் படையைச் சிதறடிக்கவும் இல்லை. இரண்டு தளபதிகளும் தங்கள் தலைமையிடங்களை அடுத்தடுத்தே வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, எதிரியின் குறைகள். அன்றைய சோவியத் டாங்கிகளில் பலவற்றில் வானொலி கிடையாது. பக்கத்துப் படை என்ன ஆனது என்று தெரியாமலே அடுத்த படை முன்னேறியது. தாக்குதல்கள் ஒரே நேரத்தில் வராமல் ஒவ்வொன்றாக வந்ததால்தான் ஒரே டிவிஷனால் ஒவ்வொன்றாகச் சந்திக்க முடிந்தது. எல்லா இடத்திலும் ஒரே காலையில் அடித்திருந்தால் பால்க்கால் என்ன செய்திருக்க முடியும்?

ஜெயித்தது யார்?

சிர் ஆற்றுக் கதை பெரும்பாலும் ஜெர்மன் நினைவுக்குறிப்புகள் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. அதனால் 65-க்கு 0 போன்ற எண்கள் மனதில் தங்கிவிடுகின்றன. வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக விரித்துப் பார்த்தால் வேறு காட்சி தெரியும்.

பால்க்கின் டிவிஷன் அங்கே அனுப்பப்பட்டதே ஸ்டாலின்கிராடை மீட்கும் தாக்குதலில் சேரத்தான். டிசம்பர் 12-ஆம் தேதி தெற்கிலிருந்து மீட்புப் படை கிளம்பியபோது, சிர் பக்கமிருந்து இவர்களும் டான் ஆற்றைக் கடந்து போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். போக முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கிராமத்தில் உடைப்பு. சோவியத் படை நூற்றுக்கணக்கில் டாங்கிகளை இழந்தது, ஆனால் அந்தப் பகுதியின் சிறந்த ஜெர்மன் டிவிஷனை ஆற்றங்கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டது. மீட்புப் படை வளையத்தை எட்டாமல் மிஷ்கோவா ஆற்றருகே நின்றுபோனது.

அதற்குள் டிசம்பர் 16-ஆம் தேதி, சிர் ஆற்றுக்கு வடமேற்கே இத்தாலியப் படை நின்ற எல்லையில் சோவியத் படைகள் பெரும் தாக்குதலைத் தொடங்கின. டிசம்பர் 24 அன்று பதானோவ் தலைமையிலான டாங்கிப் படை, ஸ்டாலின்கிராடுக்கு உணவும் தோட்டாவும் சுமந்துபோன விமானங்களின் தளமான தாத்சின்ஸ்காயாவுக்குள் நுழைந்து, ஓடுபாதையில் நின்ற விமானங்களை நாசமாக்கியது. பால்க் மறுபடியும் இரவோடு இரவாக அங்கே ஓடினார். மற்றொரு டிவிஷனின் படைகளோடு சேர்ந்து பதானோவைச் சுற்றி வளைத்து, சில நாட்களில் தளத்தையும் மீட்டார். ஆனால் விமானங்கள் போனது போனதுதான். ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்டவர்கள் 1943 பிப்ரவரி 2-ஆம் தேதிக்குள் சரணடைந்துவிட்டார்கள். எஞ்சிய வீரர்களோடு வளையத்திலிருந்து தப்பி வந்த பதானோவுக்கு, அவருடைய நாடு அப்போது புதிதாக ஏற்படுத்தியிருந்த இரண்டாம் வகுப்பு சுவோரவ் விருதின் முதல் எண்ணை வழங்கியது. தன் படையில் பெரும்பகுதியை இழந்த தளபதிக்குப் பரிசு கொடுத்தார்கள் என்றால், அவர்கள் எதை வெற்றியாகக் கணக்கிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

நகரும் தற்காப்பால் நாட்களை வாங்க முடியும். அந்த நாட்களை வைத்து யாராவது ஏதாவது செய்ய வேண்டும். ஜெர்மனியிடம் அதற்கான படை மிச்சமில்லை.

பிற்பாடு நடந்தவை

1943 நவம்பரில் சோவியத் படைகள் கியேவ் நகரை மீட்டபோது, பால்க் 48-ஆம் பான்சர் படைப்பிரிவுக்குத் தலைவரானார். பணிமனைத் தலைவர் அதே மெல்லன்தின். கியேவை நோக்கி எதிரியின் முதுகில் நேரே பாய வேண்டும் என்றார்கள் இருவரும். மேலே இருந்த தளபதி ரவுஸ், முதலில் ஜிதோமிர் நகரைப் பிடியுங்கள் என்றார். ஜிதோமிர் கிடைத்தது, கியேவ் கிடைக்கவில்லை.

1944 ஆகஸ்டில் போலந்தில் 4-ஆம் பான்சர் படையின் தலைமை. அந்த மாதக் கடைசியில், போர் முழுவதும் 27 பேருக்கே கிடைத்த வைரம் பதித்த இரும்புச் சிலுவை விருது. செப்டம்பரில் பிரான்ஸின் லொரேன் பகுதிக்கு அனுப்பப்பட்டார். எதிரே அமெரிக்க ஜெனரல் பாட்டன். சிர் ஆற்றில் கைகொடுத்த எதுவும் இங்கே இல்லை. பகலில் வண்டி நகர்ந்தால் விமானம் வந்து அடித்தது. எரிபொருள் தட்டுப்பாடு. டிவிஷன்களில் பல, அவசரமாக ஆள் சேர்த்து நிரப்பியவை. ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது என்று ஹிட்லரின் உத்தரவு வேறு. எதிரியை உள்ளே வரவிட்டு அடிப்பவனுக்கு, முதலில் உள்ளே வரவிடும் சுதந்திரம் வேண்டும். அது இல்லாதபோது எந்தத் தளபதியாலும் இந்த முறையைக் கையாள முடியாது. டிசம்பரில் பதவியிலிருந்து எடுத்தார்கள். பிறகு ஹங்கேரியில் ஒரு படையின் தலைமை, புடாபெஸ்டை மீட்கத் தோல்வியுற்ற முயற்சிகள், 1945 மே மாதம் ஆஸ்திரியாவில் அமெரிக்கர்களிடம் சரண்.

இவரைப் பற்றிப் படிக்கும்போது விட்டுவிடக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. 1944 நவம்பர் இறுதியில், சண்டை நேரத்தில் குடிபோதையில் கிடந்த பீரங்கிப் படை அதிகாரி ஒருவரை விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொல்ல பால்க் உத்தரவிட்டார். 1948-இல் ஜெர்மன் நீதிமன்றம் அதற்காக மூன்று ஆண்டு சிறை விதித்தது. பாதிக் காலம் உள்ளே இருந்தார். ஜெரார்மேர் என்ற பிரெஞ்சு ஊர் ஜெர்மன் படைகள் பின்வாங்கும்போது எரித்து அழிக்கப்பட்டதற்காக பிரெஞ்சு ராணுவ நீதிமன்றமும் இவர் இல்லாமலே விசாரித்துத் தண்டனை அளித்தது. அதோடு, இவர் திறமையாகக் காத்த ஒவ்வொரு எல்லைக்குப் பின்னாலும் நாஜி அரசின் கொலை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சிர் ஆற்றில் வாங்கிய நாட்கள் யாருக்காக வாங்கப்பட்டவை என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுத் தந்திரத்தை மட்டும் ரசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் ஜெர்மன் ஜெனரல்களை உட்கார வைத்து அனுபவங்களை எழுதச் சொன்னபோது பால்க் மறுத்துவிட்டார். முப்பது ஆண்டு கழித்து நிலைமை மாறியது. மேற்கு ஜெர்மனியின் எல்லையில் சோவியத் டாங்கிகள் எண்ணிக்கையில் பெரும் பலத்தோடு நின்றன. குறைந்த படையோடு அவற்றைத் தடுத்த அனுபவம் உள்ளவர்களை அமெரிக்கர்கள் தேடினார்கள். 1979-80 ஆண்டுகளில் பால்க்கும் மெல்லன்தினும் நேர்காணல்களிலும், சிர் ஆற்று அனுபவத்தை அன்றைய ஆயுதங்களுக்குப் பொருத்திப் பார்க்கும் கூட்டங்களிலும் கலந்துகொண்டார்கள். பால்க் 1982 நவம்பரில் இறந்தார். அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் தரைப்படையின் புதிய போர்க் கையேடு, நின்று அடிப்பதைவிட நகர்ந்து அடிப்பதற்கு முந்தைய கையேட்டைக் காட்டிலும் அதிக இடம் கொடுத்தது.

ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. சிர் ஆற்றில் பால்க் 15 கிலோமீட்டர் புல்வெளியை எதிரிக்கு விட்டுக்கொடுத்து அவன் முதுகைப் பிடித்தார். அந்தப் புல்வெளி அவருடைய நாடு அல்ல. மேற்கு ஜெர்மனியில் அப்படி விட்டுக்கொடுக்க நிலம் ஏது? ஹாம்பர்க் நகரமே கிழக்கு ஜெர்மன் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். எல்லைக்கோட்டிலேயே எதிரியைத் தடுக்க வேண்டும் என்று மேற்கு ஜெர்மன் அரசு கூட்டணி நாடுகளிடம் விடாப்பிடியாக நின்றது. கடைசி வரை அந்த நிபந்தனையைத் தளர்த்தவில்லை.